சித்திரப் பட்டமும் வீட்டு உறுதியும்

 

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் வந்து சலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். கடைத்தெருவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கையிலிருந்த பொலித்தீன் பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று, அவருடைய மகளின் வரைதல் கொப்பி. மற்றது, அவருடைய வீட்டு உறுதி.

"மௌலவி, மகளுக்கு உயர்தரத்தில் சித்திரத்துக்கு ஏ, தமிழுக்கு பீ, புவியியலுக்கு சீ. கொழும்பில் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடத்தில் சித்திரத்துக்குப் பட்டம் தருகிறார்களாம். லண்டன் பட்டமாம். உறுதியை ஈடு வைத்து வங்கியில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சித்திரம் படிப்பது கூடுமா, கூடாதா என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

நான் கொப்பியைப் புரட்டினேன். கைத்தறிச் சேலையின் கரையில் வருவது போன்ற கோலங்கள், மிஹ்ராபின் வளைவுகள், கடற்கரையில் கவிழ்த்து வைத்த தோணிகள். ஒரு பக்கத்தில் பிஸ்மில்லாஹ்வை ஒரு விளக்கின் வடிவில் எழுதியிருந்தாள். அல்லாஹ் அந்தக் கைக்கு எதையோ கொடுத்திருக்கிறான் என்பது என்னைப் போன்ற கலை தெரியாதவனுக்கும் விளங்கியது.

"உங்களுடைய முதலாவது கேள்விக்குக் கிதாபுகளில் பதில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காத இரண்டாவது கேள்வி ஒன்று இந்தப் பையில் இருக்கிறது. அதற்குக் கடதாசியும் பேனையும் வேண்டும். நாளை மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். மகளையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

அப்படி நான் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

நான் செய்த ஒரு தவறு

சுமார் 15 வருடங்களுக்கு முன்னர் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் அவன் வரைந்ததை அழிக்க ஆசிரியர்களுக்கே மனம் வராது. சித்திரத்தை மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவனுடைய வாப்பா என்னிடம் ஆலோசனை கேட்டார். நான் கணக்கும் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. "படம் கீறிச் சோறு கிடைக்குமா? ஏன் வீணாகக் கடன்படுகிறீர்கள்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

பிறகு நடந்தது என்ன தெரியுமா? உம்மாவின் நகைகளை அடகு வைத்து, முகவருக்குப் பணம் கட்டி, அவனைச் சாரதி வேலைக்குக் கட்டாருக்கு அனுப்பினார்கள். கடனுக்குப் பயந்து கலையைத் தடுத்தேன். அவனோ கடன்பட்டுத்தான் வெளிநாடு போனான். இலவசமாகப் படிக்கக்கூடிய இடம் நம் நாட்டிலேயே இருந்ததை அவனுக்கு நான் சொல்லவில்லை. காரணம், எனக்கே அது தெரியாது.

ஆகவே, சகோதரர்களே, "படிக்காதே" என்று சொல்வது எப்போதும் பேணுதலாகிவிடாது. "படி" என்று சொல்வது எப்போதும் பாசமாகிவிடாது. இரண்டுக்கும் முன்னர் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடதாசியில் எழுதிய கணக்கு

மறுநாள் மூவரும் வந்தார்கள். எழுதத் தொடங்கினோம்.

கட்டணம் 20 இலட்சம் ரூபா. மொத்தமாகக் கட்டினால் சிறிய கழிவு கிடைக்கும் என்பதால் முழுவதையும் ஒரேயடியாகக் கடன் எடுப்பதுதான் அவருடைய திட்டம். நூற்றுக்கு 15 வட்டி, ஐந்து வருடத் தவணை என்று வைத்தோம். மாதத் தவணை ஏறத்தாழ 47,600 ரூபா வருகிறது. 60 மாதங்களில் கட்டும் தொகை 28 இலட்சத்து 56 ஆயிரம். அதாவது எட்டரை இலட்சத்துக்கும் அதிகமானது வட்டி.

"மகள் உழைத்துக் கட்டுவாள்" என்றார் வாப்பா. இங்கேதான் நான் பேனையை நிறுத்தினேன். கடன் எடுத்த அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். மகள் படிப்பதோ மூன்று வருடம். அந்த 36 மாதங்களில் கட்ட வேண்டிய 17 இலட்சத்துக்கும் அதிகமான தொகையை அவள் உழைத்துக் கட்ட முடியாது. கடைதான் கட்ட வேண்டும். கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, வர்ணம், தூரிகை, கடதாசி என்று மாதம் 30,000 ரூபாவாவது வேண்டும். இரண்டையும் கூட்டினால் 77,600. கடையில் எல்லாச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "95,000 வரும்" என்றார். வீட்டில் எஞ்சியிருக்கும் நாலு பேரும் மாதம் 17,400 ரூபாவில் சாப்பிட்டு, மருந்தெடுத்து, மற்றப் பிள்ளைகளையும் படிப்பிக்க வேண்டும்.

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் இந்தக் கணக்கை அதுவரை யாரும் எழுதிப் பார்த்திருக்கவில்லை.

பட்டம் ஒன்று, கடன் வேறு

அடுத்து வரவைப் பார்த்தோம். சித்திரம், சிற்பம் போன்ற கட்புலக் கலைகளில் பட்டம் பெற்றவர் என்ன உழைப்பார்? அரச பாடசாலையில் சித்திர ஆசிரியராகலாம். ஆடைத் தொழிற்சாலை, விளம்பர நிறுவனம், அச்சகம், புத்தக வெளியீடு ஆகியவற்றில் வடிவமைப்பாளராகலாம். சொந்தமாகத் தொழில் செய்யலாம். ஆனால் ஆசிரியர் நியமனம் பட்டம் கிடைத்த அடுத்த மாதமே வருவதில்லை. பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் நின்றதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். சொந்தத் தொழிலில் ஒரு மாதம் கை நிறையும், மறுமாதம் வெறுமையாகும். வங்கித் தவணையோ மாதந்தவறாமல் வரும். இந்தத் துறைக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள பொருத்தமின்மை இதுதான். வருமானம் குறைவு என்பது மட்டுமல்ல, அது எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை.

நிறுவனம் தருவது பிரித்தானியப் பட்டம் என்பதால், பிரித்தானியாவில் அந்தப் படிப்புக்கு என்ன பெறுமதி என்று பார்ப்பது நியாயம். நிதிக் கற்கைகளுக்கான நிறுவனம் என்ற ஆய்வு நிலையம் 2020இல் அங்கு ஓர் அறிக்கை வெளியிட்டது. பட்டதாரிகளின் வரிப் பதிவுகளை வைத்து, பட்டம் படித்ததால் ஒருவருடைய ஆயுட்கால வருமானம் எவ்வளவு கூடியது என்று மதிப்பிட்டது. மருத்துவம், பொருளியல், சட்டம் போன்றவை பெரிய இலாபம் தந்தன. படைப்புக் கலைகள் படித்த பெண்களுக்குச் சராசரி இலாபம் ஏறத்தாழப் பூச்சியம். ஆண்களுக்கோ நட்டம். ஐந்து பட்டதாரிகளில் ஒருவர், பணக் கணக்கில் மட்டும் பார்த்தால், பல்கலைக்கழகம் போகாதிருந்தாலே நன்றாயிருந்திருப்பார் என்றும் அந்த அறிக்கை கூறியது. இவை சராசரிக் கணக்குகள். மிக நன்றாக உழைக்கும் கலைஞர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் அந்தச் சகோதரர், "அப்படியென்றால் வெள்ளைக்காரன் ஏன் படிக்கிறான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான பதிலைப் பெற்றோர் அனைவரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2023 முதல் பட்டப்படிப்பைத் தொடங்கிய மாணவர் அரசாங்கக் கல்விக் கடன் பெற்றால், வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும்போதுதான் திருப்பிச் செலுத்த வேண்டும். அதுவும் அந்த எல்லைக்கு மேலான தொகையில் நூற்றுக்கு 9 மட்டுமே. உழைப்பு இல்லாவிட்டால் தவணையும் இல்லை. 40 வருடங்களில் அடையாத மீதி தள்ளுபடியாகும். அதிலும் வட்டி இருக்கிறது. அதனால் அங்குள்ள முஸ்லிம் மாணவர்கள் பலர் சங்கடப்படுகிறார்கள். வட்டியற்ற மாற்றுத் திட்டத்துக்கு 2017இல் சட்டத்தில் இடம் வைக்கப்பட்டும், அது நடைமுறைக்கு வராமல் வருடக்கணக்கில் இழுபட்டது. என்றாலும், கலைஞனுக்கு உழைப்பு வராத மாதத்தில் யாரும் அவனுடைய வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

நம்முடைய சகோதரர் கையெழுத்திடப் போகும் கடன் அப்படிப்பட்டதா? மகளுக்குத் தொழில் கிடைத்ததா என்று வங்கி கேட்காது. தவணை தவறினால் உறுதியைத்தான் கேட்கும். ஆகவே பட்டம் ஒன்றுதான், ஆனால் கடன் வேறு. லண்டன் பிள்ளை எடுக்கும் துணிச்சலை, லண்டன் பிள்ளைக்குள்ள பாதுகாப்பு இல்லாமல் நாம் எடுக்கிறோம்.

அமெரிக்கா தரும் ஓர் அளவுகோல்

கல்விக் கடன் மிகப் பெரிய சுமையாகிவிட்ட நாடு அமெரிக்கா. நாலு கோடிக்கும் அதிகமானோர் அங்கே அரசாங்கக் கல்விக் கடனோடு இருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் படித்தவருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு உழைப்பு என்ற விபரங்களை அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் 2015 முதல் விரிவாக வெளியிட்டு வருகிறது. தொழிலுக்கென நடத்தப்படும் பாடநெறிகளைச் சோதிக்க அந்த அரசு 2014இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2019இல் அது நீக்கப்பட்டது, 2023இல் மீண்டும் வந்தது. அந்த விதியின் அளவுகளில் ஒன்று, படித்து முடித்தவரின் வருடக் கடன் தவணை அவருடைய வருட வருமானத்தில் நூற்றுக்கு 8ஐத் தாண்டக்கூடாது என்பது.

இந்த அளவுகோலை நம் கடதாசியில் வைத்துப் பார்த்தோம். 47,600 ரூபா நூற்றுக்கு 8 ஆக வேண்டுமென்றால் மகள் மாதம் 5 இலட்சத்து 95 ஆயிரம் உழைக்க வேண்டும். அது அமெரிக்கக் கணக்கு, நமக்கு வேண்டாம் என்று, ஐந்தில் ஒரு பங்கு வரை தளர்த்தினேன். அப்போதும் 2 இலட்சத்து 38 ஆயிரம். அவர்களுடைய உறவுக்காரப் பையன் ஒருவன் கொழும்பில் வடிவமைப்பாளராகச் சேர்ந்திருக்கிறான். அவனுடைய சம்பளம் 65,000.

இன்னுமொன்று. நிறுவனத்தின் பெயரும் வயதும் மட்டும் பாதுகாப்பாகிவிடாது. 1871இல் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ கலைக் கல்லூரி 2022இல் பட்டப்படிப்புகளை நிறுத்தி, மறுவருடம் வங்குரோத்தானது. பிலடெல்பியா நகரின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே மாத இறுதியில் அறிவித்தல் கொடுத்து, ஜூன் 7ஆம் திகதி, அதாவது ஒரே வாரத்தில், கதவை மூடியது. நூறு வருடம் தாண்டிய நிறுவனங்களுக்கே இந்த நிலையென்றால், நேற்று முளைத்தவற்றைப் பற்றி நாம் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் கேட்டால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022 மார்ச்சுக்கு முன்னர் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதே ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இடைநடுவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

மார்க்கம் சொல்வது

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையோ நோன்போ அல்ல. கொடுக்கல் வாங்கலில் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. கடனாளியாக மரணித்தவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க, அந்தக் கடனை ஒருவர் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தயங்கிய சம்பவமும் நாம் அறிந்ததே. கடனே அப்படியென்றால் வட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் கல்வி என்ற நல்ல நோக்கம் வட்டியை ஹலாலாக்கிவிடாது.

சித்திரத்தைப் பற்றிய முதலாவது கேள்விக்கும் வருகிறேன். மரம், மலை, கடல், கட்டடம், கோல வடிவங்கள், அரபு எழுத்தணி ஆகியவற்றை வரைவதில் தடையில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைச் சிலையாக வடிப்பதில் கண்டிப்பு அதிகம். பாடநெறியில் மனித உருவ வரைவும் சிற்பமும் கட்டாயமா, மாற்றுப் பாடம் உண்டா என்று சேருமுன் கேட்டறியுங்கள்.

பூட்டாத கதவுகள்

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு மகள் தலை குனிந்திருந்தாள். "மகள், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.

"எனக்கு லண்டன் பட்டம்தான் வேணுமென்று இல்லை, மௌலவி. நல்லா வரையப் படிக்க வேணும். மருதமுனையில் மாமியின் தறியில் நான் கீறின கோலத்தில் சேலை நெய்தாங்க, வித்துப் போயிட்டு" என்றாள். சொல்லும்போது முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

வாப்பா அன்றுதான் அதைக் கேள்விப்பட்டார்.

பிறகு நாங்கள் மறுபக்கத்தில் எழுதினோம். நம் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிறது. அது சித்திரத்துக்கும் சேர்த்துத்தான். மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் 2005 முதல் தனியாக இயங்குகிறது. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிப்பதோடு, செய்முறைப் பரீட்சைக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலைப் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது விண்ணப்பத்தைப் பற்றித் தெரியாமல் திறமையுள்ள எத்தனையோ பிள்ளைகள் வாய்ப்பை இழக்கிறார்கள். கல்வியியற் கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்லூரிகள், கைத்தறிப் பயிற்சி நிலையங்கள் என்ற வழிகளும் இருக்கின்றன.

இவை எதுவும் கைகூடாமல் தனியார் நிறுவனம்தான் என்றால், பணம் கட்டுமுன் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்:

1. பட்டத்தை வழங்குவது யார்? அது இந்நாட்டில் அரச நியமனத்துக்கு ஏற்கப்படுமா?

2. கட்டணம் ரூபாவிலா, வெளிநாட்டு நாணயத்திலா? பரீட்சை, பதிவு, பட்டமளிப்பு ஆகியவற்றுக்கு வேறு கட்டணம் உண்டா?

3. கடைசியாக முடித்துப்போன பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் மூவரோடு பேச முடியுமா?

4. முதல் வருடத்தோடு நிறுத்தினால் சான்றிதழ் கிடைக்குமா, மீதிப் பணம் திரும்ப வருமா?

5. பருவத்துக்குப் பருவம் பணம் கட்டலாமா?

கையிலிருக்கும் காசுக்கு ஒரு வருட டிப்ளோமாவோடு தொடங்கி, உழைத்துக்கொண்டே மேலே படிப்பதில் கேவலம் எதுவும் இல்லை. தனியார் நிறுவனங்களில் தெரிவுசெய்யப்பட்ட பட்டங்களைப் படிக்க, மாணவரிடம் வட்டி அறவிடாத கடன் திட்டமொன்றை அரசு 2017இல் ஆரம்பித்தது. நீங்கள் விரும்பும் பாடநெறி அதில் அடங்குகிறதா என்று பாருங்கள், ஒப்பந்தத்தை ஓர் ஆலிமிடம் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். குடும்பத்துக்குள் கர்ழ் ஹஸன் வாங்கினால் அதையும் எழுதி, சாட்சி வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம், பொறியியல் என்றால் உதவத் தயாராக இருக்கிறோம். சித்திரம் படிக்கும் பிள்ளைக்கு மாதம் ஒரு பெட்டி வர்ணம் வாங்கிக் கொடுப்பதும் கல்விக்குச் செய்யும் உதவிதான்.

அந்தச் சகோதரர் உறுதியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கொப்பியை மகள் தூக்கிக்கொண்டாள். கல்லடிக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. இடம் கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். கிடைக்காவிட்டாலும் உறுதி அலுமாரியில் இருக்கிறது, மாமியின் தறி மருதமுனையில் இருக்கிறது.

கட்டாருக்குப் போன அந்த மாணவன் சென்ற வருடம் விடுமுறையில் வந்தபோது நான் அவனுடைய வீட்டுக்குப் போனேன். அன்று சொன்ன வார்த்தைக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "கடன் முடிஞ்சிட்டு, மௌலவி. இப்ப வெள்ளிக்கிழமைகளில் திரும்பவும் வரையத் தொடங்கியிருக்கிறேன்" என்றான். கைப்பேசியில் காட்டினான். பாலைவனத்தில் ஒரு வீதி. அதன் ஓரத்தில் நம்மூர்த் தென்னை ஒன்று.

உங்கள் பிள்ளை ஒரு கொப்பியை நீட்டினால் உடனே மூடிவிடாதீர்கள். உடனே உறுதியையும் எடுக்காதீர்கள். முதலில் ஒரு பேனையை எடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.